ஹெவி லைசென்ஸ் மட்டும் போதுமா?

ஜல்லி லாரிக்கும் நாற்பது குழந்தைகளுக்கும் ஒரே உரிமம். பள்ளிப் பேருந்தின் ஸ்டியரிங்கைப் பிடிப்பவரிடம் நாம் கேட்கத் தவறிய கேள்விகள்.

கோடை விடுமுறை முடியும் தறுவாயில் மாவட்டத் தலைநகரங்களின் ஆயுதப்படை மைதானங்கள் மஞ்சளாகிவிடும். வட்டாரத்துப் பள்ளிப் பேருந்துகள் எல்லாம் வரிசை கட்டி நிற்க, ஆட்சியரும் ஆர்.டி.ஓ.வும் போலீஸ் அதிகாரியும் கல்வித் துறை அதிகாரியும் ஒவ்வொன்றாக ஏறி இறங்குவார்கள். அவசர வழிக் கதவு திறக்கிறதா, படிக்கட்டு குழந்தையின் காலுக்கு எட்டுகிறதா, முதலுதவிப் பெட்டியில் காலாவதியான மருந்து கிடக்கிறதா, தீயணைப்பான் வேலை செய்கிறதா, கேமராவில் படம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தரையைக் காலால் உதைத்துப் பார்க்கிற பிரேக் இன்ஸ்பெக்டரும் உண்டு. குறை உள்ள வண்டியைத் திருப்பி அனுப்புவார்கள். மறுநாள் நாளிதழில், அவசரக் கதவு வழியே ஆட்சியர் எட்டிப் பார்க்கும் படம் வரும்.

இந்த ஆய்வைக் குறை சொல்ல முடியாது. இதுவும் இல்லாமல் இருந்த காலத்தை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் ஆய்வில் கேட்கப்படும் கேள்விகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஏறக்குறைய எல்லாமே வண்டியைப் பற்றியவை. வண்டியோடு வந்த ஓட்டுநர்களுக்கு மைதானத்தின் ஓரத்தில் பந்தல் போட்டுக் கண் பரிசோதனை நடக்கும். தீயணைப்புத் துறையினர் தீயை அணைத்துக் காட்டுவார்கள். அதிகாரி ஒருவர் செல்போன் பேசாதீர்கள், வேகமாகப் போகாதீர்கள் என்று பேசுவார். லைசென்ஸை வாங்கித் தேதி பார்த்துத் திருப்பிக் கொடுப்பார்கள். அவ்வளவுதான்.

அந்த லைசென்ஸை வாங்க அவர் எதில் தேறினார்? அதில் குழந்தை என்ற பேச்சு எங்காவது வந்ததா?

ஆர்.டி.ஓ. ஆபீஸ் வழியாக ஒரு பாதை

பள்ளிப் பேருந்து ஓட்ட விரும்பும் இளைஞர் ஒருவர் என்னென்ன செய்ய வேண்டும் என்று பார்ப்போம். மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன்படி 18 வயதில் கார் ஓட்டும் உரிமம் வாங்கலாம். போக்குவரத்து வாகனம் என்று சட்டம் சொல்கிற லாரி, பேருந்து வகைகளுக்கு 20 வயது ஆக வேண்டும். கார் உரிமம் கைக்கு வந்து ஓராண்டாவது ஆகியிருந்தால்தான் கனரக வாகனத்துக்கு எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் உரிமம் கிடைக்கும். முன்பெல்லாம் எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. 2019-ல் அதை எடுத்துவிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் வண்டி நன்றாக ஓட்டத் தெரிந்தவருக்குப் பிழைப்பு கிடைக்கட்டும் என்பது அரசு சொன்ன காரணம். அதில் நியாயம் இருக்கிறது. ஒரு பள்ளிக்கூடத்தின் நான்கு பக்கச் சுற்றறிக்கையைப் படித்துத்தான் குழந்தையைப் பத்திரமாக இறக்கிவிட வேண்டும் என்பதில்லை.

அடுத்தது மருத்துவச் சான்று. கார் உரிமத்துக்கு 40 வயது வரை, எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது என்று தானே எழுதிக் கொடுத்தால் போதும். போக்குவரத்து வாகனத்துக்கு அது செல்லாது. மருத்துவர் படிவம் 1ஏ-வில் கையெழுத்துப் போட வேண்டும். நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் நிற்கும் காரின் நம்பர் பிளேட் தெரிகிறதா, சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடிகிறதா, மாலைக்கண் உண்டா, சாதாரண ஹாரன் சத்தம் காதில் விழுகிறதா என்றெல்லாம் அந்தப் படிவம் கேட்கிறது. படிவம் நல்ல படிவம். அதைப் பரிசோதித்துப் பார்த்து நிரப்பும் மருத்துவரும் இருக்கிறார், ஆளைப் பார்க்காமலே நிரப்பித் தரும் இடமும் இருக்கிறது. ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு எதிரே டீக்கடையில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். வாங்கி 30 நாள் கழித்துத்தான் ஓட்டிக் காட்டும் தேர்வுக்குப் போகலாம். அந்த இடைவெளியில்தான் ஹெவி வண்டிப் பயிற்சி. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன்படி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கனரக வாகனத்துக்கு 30 நாளுக்குக் குறையாமல் பயிற்சி தர வேண்டும். அதில் வண்டியை உண்மையில் ஓட்டும் நேரம் 15 மணிக்குக் குறையக் கூடாது. நடைமுறை வேறு. ஒரு பழைய லாரியில் அரை டஜன் பேரை ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே போய், ஆளுக்குக் கொஞ்ச தூரம் கொடுத்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வரும் பள்ளிகள் ஏராளம். ஒருவர் ஓட்டும்போது மற்ற ஐந்து பேர் பின்னால் உட்கார்ந்திருக்கும் நேரமும் பயிற்சிக் கணக்கில் ஏறிவிடும்.

ஒழுங்காகக் கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். தரமணியில் இருக்கும் சாலைப் போக்குவரத்து நிறுவனம், ஐ.ஆர்.டி., கும்மிடிப்பூண்டியில் ஹெவி வண்டிப் பயிற்சி நடத்தி வந்திருக்கிறது. லாரிக்குப் பேர்போன நாமக்கல்லில் அசோக் லேலண்டின் பயிற்சி மையம் இருக்கிறது. 2021-ல் மத்திய அரசு அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. அங்கே கனரக வாகனத்துக்கு ஆறு வாரத்தில் 38 மணி நேரப் பாடம். முடித்தவர் ஆர்.டி.ஓ. முன்னால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் கிராமத்திலிருந்து வரும் பையன் கையில் காசும் நேரமும் இல்லாமல் தேடிப் போவது பக்கத்து ஊர் டிரைவிங் ஸ்கூலைத்தான்.

கடைசியாகத் தேர்வு. மத்திய மோட்டார் வாகன விதிகளில் விதி 15 அதற்கென்று நீண்ட பட்டியலே வைத்திருக்கிறது. கண்ணாடியைச் சரி செய்துகொள்ள வேண்டும், குலுங்காமல் வண்டியை எடுக்க வேண்டும், எல்லா கியரையும் போட்டுக் காட்ட வேண்டும், இறக்கத்தில் கியரைக் குறைக்க வேண்டும், செங்குத்தான மேட்டில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் பிடித்து, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்ப வேண்டும், குறுகலான இடத்தில் ரிவர்ஸ் எடுத்து நுழைக்க வேண்டும். முழுமையாக நடத்தினால் கடினமான தேர்வு. மைதானத்தைச் சுற்றி ஒரு வட்டம், கொஞ்சம் ரிவர்ஸ், இறங்கு, அடுத்த ஆள் என்று முடிந்துபோவதும் உண்டு. தேறியவருக்கு ஐந்தாண்டு செல்லும் உரிமம் வந்துவிடும். 2019 திருத்தத்துக்கு முன் இது மூன்றாண்டாக இருந்தது.

இதுதான் ஹெவி லைசென்ஸ். இதை வைத்துக்கொண்டு அவர் ஜல்லி லாரி ஓட்டலாம், டிப்பர் ஓட்டலாம், ஆம்னி பஸ் ஓட்டலாம். மழலையர் வகுப்புக் குழந்தைகள் அறுபது பேரை ஏற்றிக்கொண்டும் போகலாம். விதி 15-ன் பட்டியலில் மேடும் பள்ளமும் வளைவும் இருக்கின்றன. படிக்கட்டில் இறங்கிய குழந்தை பம்பருக்கு முன்னால் குனிந்து தண்ணீர் பாட்டிலைப் பொறுக்கினால் என்ன செய்வாய் என்று எந்த இடத்திலும் கேட்கவில்லை.

விபத்துக்குப் பின் வந்த விதிகள்

நம் நாட்டில் பள்ளிப் பேருந்து விதிகளை ஒரு பட்டியலாகப் போட்டால், ஒவ்வொரு விதிக்குப் பக்கத்திலும் ஒரு சாவுத் தேதி எழுதலாம்.

1997 நவம்பர் 18 அன்று டெல்லி வஜீராபாத் பாலத்திலிருந்து ஒரு பள்ளிப் பேருந்து யமுனையில் விழுந்தது. 28 குழந்தைகள் இறந்தார்கள். அடுத்த சில நாட்களிலேயே எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. பள்ளிப் பேருந்து மஞ்சள் நிறத்தில் இருக்க வேண்டும், ஜன்னலுக்குக் கம்பி, கதவுக்குப் பூட்டு, உதவியாளர் ஒருவர், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி என்று நாம் இன்று சாதாரணமாகப் பார்க்கிற பலவும் அந்த உத்தரவுகளில் இருந்து வந்தவை. ஓட்டுநரைப் பற்றியும் அவை பேசின. கனரக வாகனம் ஓட்டி ஐந்தாண்டு அனுபவம் வேண்டும். சிக்னலைத் தாண்டியது போன்ற குற்றங்களுக்காக ஓராண்டில் இரண்டு முறைக்கு மேல் அபராதம் கட்டியவரை வைக்கக் கூடாது. குடித்துவிட்டு ஓட்டியது, கட்டுக்கடங்காத வேகம், ஆபத்தாக ஓட்டியது என்று ஒருமுறை பிடிபட்டிருந்தாலே கூடாது. இதுவரை நம் நாட்டில் பள்ளிப் பேருந்து ஓட்டுநருக்கென்று சொல்லப்பட்டவற்றில் இதைத்தான் உருப்படியான நிபந்தனை என்பேன்.

ஆனால் அந்த ஐந்தாண்டு அனுபவத்தை யார் சரிபார்ப்பது? ஹெவி லைசென்ஸில் வாங்கிய தேதி இருக்கும். வாங்கிய நாளில் இருந்து அவர் லாரி ஓட்டினாரா, துபாயில் கட்டட வேலை பார்த்தாரா என்று அந்த அட்டை சொல்லாது.

2009 டிசம்பரில் வேதாரண்யம் அருகே பள்ளி வேன் குளத்தில் கவிழ்ந்து 9 குழந்தைகளும், அவர்களைக் காப்பாற்றப் போராடிய இளம் ஆசிரியையும் இறந்தார்கள். 2012 ஜூலை 25 அன்று தாம்பரம் அருகே முடிச்சூரில் ஓடிக்கொண்டிருந்த பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே ஒரு சிறுமி சாலையில் விழுந்து சக்கரத்தில் சிக்கி இறந்தாள். தமிழ்நாடே கொதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அந்த ஆண்டே பள்ளிப் பேருந்துகளுக்கான தமிழ்நாடு சிறப்பு விதிகள் வந்தன. இப்போது ஆண்டுதோறும் நடக்கும் மைதான ஆய்வு அந்தச் சிறுமி விட்டுப்போனது.

2022 மார்ச் 28 அன்று சென்னை வளசரவாக்கத்தில், பள்ளி வளாகத்துக்குள்ளேயே, தான் இறங்கிய வேனிலேயே அடிபட்டு 7 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். அதன் பிறகு முன்னும் பின்னும் கேமராவும் பின்புறம் சென்சாரும் கட்டாயமாயின.

ஓட்டைத் தரைக்குத் தரை ஆய்வு. தெரியாத பின்புறத்துக்குக் கேமரா. ஒவ்வொரு முறையும் பதில் வண்டியில் பொருத்தப்பட்டது. ஓட்டுநருக்குக் கற்றுத்தருவது எளிதில் படம் எடுத்துப் போடக்கூடிய காரியம் இல்லை என்பதாலோ என்னவோ, அந்தப் பக்கம் யாரும் போகவில்லை.

மஞ்சள் நிறம் பிறந்த ஊரில்

பள்ளிப் பேருந்துக்கு மஞ்சள் என்று முடிவானது அமெரிக்காவில். 1939 ஏப்ரலில் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த பேராசிரியர் ஃபிராங்க் சைர் ஒரு மாநாடு கூட்டி, பல மாநிலக் கல்வி அதிகாரிகளையும் பேருந்து தயாரிப்பாளர்களையும் உட்கார வைத்துப் பேசி முடிவெடுத்தார். விடியற்காலை மங்கலிலும் கறுப்பு எழுத்து பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகத் தேர்ந்தெடுத்த நிறம் அது. நிறத்தை நாமும் எடுத்துக்கொண்டோம். அவர்கள் ஓட்டுநரைத் தேர்ந்தெடுக்கும் முறையை எடுத்துக்கொள்ளவில்லை.

அங்கே 1986 சட்டப்படி லாரி, பேருந்து ஓட்டத் தனி வணிக உரிமம் வேண்டும். அதை வைத்துக்கொண்டு லாரி ஓட்டலாம். ஆட்களை ஏற்றுவதென்றால் அதன் மேல் 'பி' என்ற ஒப்புதல் வாங்க வேண்டும். பள்ளிக் குழந்தைகளை ஏற்றுவதென்றால் அதற்கும் மேல் 'எஸ்' என்று இன்னொன்று. இந்த இரண்டாவது ஒப்புதல் 1999-ல் வந்த சட்டத்தின் விளைவு. இதற்கு எழுத்துத் தேர்வும் தனி, ஓட்டிக் காட்டுவதும் தனி. சாதாரண பஸ்ஸில் ஓட்டிக் காட்டினால் செல்லாது, பள்ளிப் பேருந்திலேயே ஓட்ட வேண்டும். வண்டியை எடுக்கும் முன் ஒவ்வொரு பாகத்தையும் தொட்டு, இது என்ன, இதில் என்ன கோளாறு வரலாம் என்று தேர்வாளரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

அந்த எழுத்துத் தேர்வுக்கான கையேட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அபாய வட்டம். பேருந்தின் முன்பக்கத்தில் 30 அடி வரை, அதிலும் முதல் 10 அடி மிக மோசம். இரு பக்கமும் 10 அடி, பின்னால் 10 அடி. இந்த வட்டத்துக்குள் நிற்கும் குழந்தை ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். இறங்கியவர்களை எண்ண வேண்டும், எண்ணிக்கை தவறினால் வண்டியை அணைத்துவிட்டு இறங்கிப் போய்ச் சக்கரத்துக்கு அடியில் பார்க்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஒரு நோட்டுப் புத்தகமோ பந்தோ கீழே விழுந்தால் குழந்தை அதை எடுக்க ஓடும் என்பதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஓட்டம் முடிந்ததும் கடைசி இருக்கை வரை நடந்து போய், யாராவது தூங்கிக்கொண்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

ரயில்வே கேட் பற்றிய பாடம் இன்னும் கண்டிப்பானது. தண்டவாளத்துக்கு 15 அடிக்குக் குறையாமலும் 50 அடிக்கு மிகாமலும் நிறுத்து, கதவையும் ஜன்னலையும் திற, பேச்சையும் பாட்டையும் நிறுத்து, காதால் கேள், கண்ணால் பார், பிறகு கட. விளக்கு எரியவில்லை என்பதை நம்பிப் போகக் கூடாது. இதன் பின்னாலும் சாவுகள் உண்டு. 1995 அக்டோபர் 25 அன்று இல்லினாய் மாநிலம் ஃபாக்ஸ் ரிவர் குரோவில் தண்டவாளத்தைத் தாண்டிச் சிக்னலில் நின்ற பள்ளிப் பேருந்தின் வால் பகுதி தண்டவாளத்தின் மேல் நீட்டிக்கொண்டிருந்தது. ரயில் மோதி 7 மாணவர்கள் இறந்தார்கள். அன்று ஓட்டியவர் அந்தப் பாதைக்குப் புதியவர், மாற்று ஓட்டுநர்.

2025 ஜூலை 8 அன்று கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது பயணிகள் ரயில் மோதி 3 மாணவர்கள் இறந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அன்று முழுப் பேச்சும் கேட் கீப்பரைப் பற்றியே நடந்தது. நடக்க வேண்டியதுதான். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 131-ஆவது பிரிவு, ஆளில்லாத ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்தி, கண்டக்டரோ கிளீனரோ இறங்கிப் போய்ப் பார்த்த பிறகே கடக்க வேண்டும் என்கிறது. கூட ஆளில்லை என்றால் ஓட்டுநரே இறங்க வேண்டும். ஆளுள்ள கேட்டுக்கு இது பொருந்தாது. குழந்தைகளை ஏற்றிய வண்டி எல்லா கேட்டிலும், திறந்திருந்தாலும், நின்று பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் ஒரு பைசா செலவில்லை. அந்த வரி இன்னும் சேரவில்லை.

அமெரிக்காவில் எல்லாம் ஒழுங்கு என்று சொல்லவில்லை. அங்கே 2022 பிப்ரவரியில் இருந்து கட்டாயமான ஆரம்பப் பயிற்சியில் இத்தனை மணி நேரம் என்ற குறைந்தபட்ச வரம்பே கிடையாது. பயிற்சி தருபவர் போதும் என்று சொன்னால் போதும். கொரோனாவுக்குப் பிறகு ஓட்டுநர் பஞ்சம் வந்து பல ஊர்களில் பேருந்துத் தடங்களே நின்றுபோயின. அப்போது என்ன தளர்த்தினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். என்ஜின் மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் பாகங்களைச் சொல்லிக் காட்டும் பகுதியை மட்டும் 2022 ஜனவரியில் இருந்து மாநிலங்கள் விட்டுக்கொடுக்கலாம் என்றார்கள். குழந்தை ஏறுவது இறங்குவது பற்றிய கேள்விகளில் கை வைக்கவில்லை.

கார் லைசென்ஸும் பள்ளி வேனும்

நம் ஊரில் பெரிய பேருந்தாவது ஹெவி லைசென்ஸ் கேட்கிறது. வேன்களின் கதை வேறு. 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒரு தீர்ப்புத் தந்தது. 7,500 கிலோவுக்கு மிகாத வண்டியை, அது போக்குவரத்து வாகனமாகவே இருந்தாலும், இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர் ஓட்டலாம், தனி ஒப்புதல் வேண்டாம் என்பது அதன் சாரம். விபத்து இழப்பீட்டைத் தர மறுக்க இன்சூரன்ஸ் நிறுவனங்கள் இந்த ஒப்புதல் இல்லாததைச் சாக்காகக் காட்டி வந்ததும், லட்சக்கணக்கான ஓட்டுநர்களின் பிழைப்பும் அதன் பின்னணி. அந்த அளவில் அது ஏழைக்கு ஆதரவான தீர்ப்பு.

ஆனால் நம் தெருவுக்கு வரும் பள்ளி வேன்களில் பெரும்பாலானவை அந்த எடைக்குள் அடங்கிவிடும். லைசென்ஸ் வகையை மட்டும் பார்த்தால், காருக்கு எட்டு போட்டு உரிமம் வாங்கியவர் அந்த வேனின் சீட்டில் உட்காரத் தடையில்லை. இதில் இன்னொரு ஓட்டையும் உண்டு. மத்தியச் சட்டம் கல்வி நிறுவனப் பேருந்து என்று சொல்வது, பள்ளியோ கல்லூரியோ சொந்தமாக வைத்திருக்கும் வண்டியைத்தான். பெற்றோர் நாலைந்து பேர் சேர்ந்து மாதக் கட்டணம் பேசி ஏற்பாடு செய்யும் வேனும் ஆட்டோவும் அந்த வரையறைக்கு வெளியே நிற்கின்றன. மே மாத மைதானத்துக்கு அவை வருவதில்லை. வீட்டுக்கு வீடு குழந்தையைப் பொறுக்கிக்கொண்டு, கடைசி இரண்டு பேரை டிரைவர் சீட்டோடு ஒட்டி உட்கார வைத்துக்கொண்டு போவது அவைதான். அளவுக்கு மேல் ஆள் ஏற்றினால் மத்தியச் சட்டப்படி அபராதம் தலைக்கு 200 ரூபாய். அதிகமாக ஏறும் ஒரு குழந்தையின் மாதக் கட்டணம் அதைவிடப் பல மடங்கு. இந்தக் கணக்கு வேன்காரருக்குத் தெரியும்.

காலை ஆறு முதல் மாலை ஆறு வரை

நல்ல ஓட்டுநர் கிடைப்பதில்லை என்று பள்ளி நிர்வாகிகள் அலுத்துக்கொள்வார்கள். கிடைக்காததற்குக் காரணம் அவர்களுக்கே தெரியும். லாரியில் போனால் படி உண்டு. அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் சேர்ந்தால் நிரந்தர வேலை, ஓய்வூதியப் பலன். பள்ளியில் மாதச் சம்பளம் மட்டும், அதுவும் பல இடங்களில் மே மாதம் பாதிதான். விடியற்காலையில் வண்டியைக் கழுவி எடுத்தால் ஒன்பது மணிக்கு முதல் நடை முடியும். நடுப்பகலில் சும்மா இருக்கிறாரே என்று தோட்டத்துக்குத் தண்ணீர் விடச் சொல்வார்கள், வங்கிக்கு அனுப்புவார்கள், பெஞ்சு தூக்கச் சொல்வார்கள். மாலை மூன்றரைக்கு மறுபடி ஸ்டியரிங். ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகும்போது அவர் எட்டு மணி நேரம் வேலை பார்த்தார் என்று நிர்வாகம் எழுதிக்கொள்ளும். அவர் உடம்புக்குப் பன்னிரண்டு மணி நேரக் களைப்பு.

அதனால் பள்ளிப் பேருந்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. லைசென்ஸ் வாங்கிக் கொஞ்ச நாளாகி, வேறு இடத்தில் இன்னும் எடுத்துக்கொள்ளாத இளைஞர்கள் ஒரு வகை. லாரியிலும் அரசு பஸ்ஸிலும் காலத்தைக் கழித்துவிட்டு, இரவு ஓட்டம் வேண்டாம், வீட்டுச் சாப்பாடு போதும் என்று வரும் பெரியவர்கள் இன்னொரு வகை. எனக்கு இரண்டாவது வகையின் மேல் நம்பிக்கை அதிகம். கை நிதானம் இருக்கும், பேரன் வயதுப் பிள்ளைகளிடம் கோபம் வராது. ஆனால் கண்ணும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் அவர்களோடு சேர்ந்தே வரும். உரிமத்தைப் புதுப்பிக்கும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மருத்துவர் பார்த்தால் போதும் என்று சட்டம் விட்டிருப்பது இவர்கள் விஷயத்தில் போதாது.

2024 ஜூலையில் வெள்ளகோவிலில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு நெஞ்சுவலி வந்தது. அந்த நிலையிலும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். குழந்தைகள் ஒருவருக்கும் கீறல் இல்லை. அவர் ஸ்டியரிங்கிலேயே உயிரை விட்டார். முதலமைச்சர் இரங்கல் தெரிவித்து அவர் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் அறிவித்தார். அந்த மனிதரைக் கொண்டாடியது சரி. ஆண்டுக்கு ஒருமுறை அவருக்கு ஈ.சி.ஜி. எடுத்திருந்தால் என்ற கேள்வியை அன்று யாரும் எழுப்பவில்லை. கண் பரிசோதனைப் பந்தலுக்குப் பக்கத்தில் இன்னொரு மேசை போட்டால் முடிகிற வேலை அது.

வண்டியில் கூட வரும் ஆயாவையும் சொல்ல வேண்டும். உச்ச நீதிமன்றம் கேட்டது தகுதியுள்ள உதவியாளர். நடைமுறையில் பள்ளியில் கூட்டிப் பெருக்கும் அம்மாவையே ஏற்றி அனுப்புகிறார்கள். கதவைத் திறப்பதும் மூடுவதும் அவர். சாலையைக் கடக்க வைப்பதும் அவர். வளசரவாக்கம் மாதிரியான இடத்தில் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாததைப் பார்த்துச் சொல்ல வேண்டியவரும் அவர்தான். அவருக்கு ஒரு நாள் பயிற்சி கிடையாது. அரசு பஸ் கண்டக்டர் உரிமம் வாங்க முதலுதவிச் சான்று கேட்கிற அரசு, குழந்தைகளோடு போகும் உதவியாளருக்கு அதைக் கேட்கத் தயங்குகிறது.

என்ன செய்யலாம்?

சட்டத்தைத் திருத்தி ஒரு புது வகை உரிமம் கொண்டுவர வேண்டும் என்றால் அது டெல்லியில் நடக்க வேண்டிய காரியம். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். பள்ளிப் பேருந்துகளுக்குச் சிறப்பு விதிகள் எழுதும் அதிகாரம் மாநிலத்துக்கு இருப்பதை 2012-லேயே காட்டிவிட்டோம். அதே விதிகளில், பள்ளிக் குழந்தைகளை ஏற்றும் வண்டி எதுவானாலும் அதன் ஓட்டுநரும் உதவியாளரும் ஆர்.டி.ஓ. நடத்தும் இரண்டு நாள் பயிற்சியில் தேறிச் சான்று வைத்திருக்க வேண்டும் என்று சேர்க்கலாம். பயிற்சியை வகுப்பறையில் நடத்த வேண்டாம். நின்ற பேருந்தைச் சுற்றிப் பத்துப் பிள்ளைகளை நிற்க வைத்து, ஓட்டுநரைச் சீட்டில் உட்கார வைத்து, எத்தனை பேர் தெரிகிறார்கள் என்று எண்ணச் சொன்னால் போதும். அந்த ஒரு பாடத்தை யாரும் ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள். பள்ளிகள் மறுக்குமா? அபராதமும் வண்டியின் தகுதிச் சான்றான எஃப்.சி.யும் என்றால் கேட்கும் பள்ளிகள் இதையும் கேட்கும்.

ஓட்டுநர் வேலைக்குச் சேர ஆசைப்படும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. எங்கே கற்றுக்கொண்டாலும் 15 மணி நேரம் உங்கள் கையில் ஸ்டியரிங் இருந்ததா என்று நீங்களே கணக்கு வையுங்கள். இல்லையென்றால் கட்டிய பணத்துக்குக் கேளுங்கள். லைசென்ஸ் கைக்கு வந்ததும் பள்ளிப் பேருந்தில் ஏறாமல், முதலில் சரக்கு வண்டியில் கொஞ்ச காலம் ஓட்டுங்கள். சிமெண்ட் மூட்டை கீழே இறங்கிச் சக்கரத்துக்கு முன்னால் ஓடாது.

பெற்றோர்களே, ஜூன் மாதம் பேருந்துக் கட்டணம் கட்டும்போது சீட் எண்ணையும் ஸ்டாப்பிங்கையும் மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். வண்டி ஓட்டுபவர் யார், உரிமம் எந்த வகை, எந்தத் தேதி வரை செல்லும், எத்தனை ஆண்டு ஓட்டியிருக்கிறார், கடைசியாக மருத்துவர் எப்போது பார்த்தார், ஓட்டுநர் விடுப்பு எடுத்தால் மாற்று ஆள் யார் என்று கேளுங்கள். வண்டியின் பதிவு எண்ணை எம்பரிவாகன் செயலியில் போட்டால் எஃப்.சி.யும் இன்சூரன்ஸும் எந்தத் தேதி வரை என்று உங்கள் செல்போனிலேயே தெரியும். ஒரு நிமிட வேலை. இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.